அப்பாவின் சாக்ஸும் நாற்பத்தோரு நாட்களும்

1

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு இங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் குடியிருப்பு அட்டை விஷயமாக எனக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். ஜெர்மனிக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. இந்த அலுவலகத்தின் நாற்காலிகள் மட்டும் மூன்று முறை மாறிவிட்டன. கேள்விகள் மாறவில்லை. எங்கே வேலை, எத்தனை நாள் வேலை, வீட்டில் எத்தனை பேர், நாட்டைவிட்டு எப்போது போனீர்கள், எப்போது வந்தீர்கள்.

கண்ணாடி போட்ட அந்த அம்மாள் என் கோப்பைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "போன வருடம் ஏழு வாரம் வெளியே இருந்திருக்கிறீர்கள். காரணம்?"

பதிலை வீட்டிலேயே ஜெர்மனில் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். 'என் அப்பாவின் கால் எடுக்கப்பட்டது.' அவ்வளவுதான். இந்த மொழியில் 'எடுத்தேன்' என்பதற்கும் 'எடுக்கப்பட்டது' என்பதற்கும் நடுவே ஒரு சின்னத் துணைவினைதான் வித்தியாசம். 'வுர்டெ' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஹாபெ' என்று சொல்லிவிட்டேன். அதாவது, "அப்பாவின் காலை நான் எடுத்துவிட்டேன்" என்று சொல்லியிருக்கிறேன்.

அந்த அம்மாள் தலையை நிமிர்த்தினார். பிறகு புரிந்துகொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகத் திருத்தினார். "எடுக்கப்பட்டது என்றுதானே சொல்ல வருகிறீர்கள்?"

"ஆமாம்" என்றேன்.

"குடும்பக் காரணம்" என்று தட்டச்சு செய்துகொண்டார். முடிவு தபாலில் வரும் என்றார்.

வெளியே வந்து டிராம் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். அப்பாவின் காலை எடுத்து அன்றோடு சரியாக ஒரு வருடம். அந்த அம்மாள் திருத்தியது இலக்கணப்படி சரி. நான் தவறிச் சொன்னதுதான் நடந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்கள் படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

2

என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் கேட்கும்போதெல்லாம் "லேப்ல வேலை" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். இன்றைக்குக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஓடாது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஓடும் வகைகளும் இருக்கின்றன. அதில் ஒன்றைத் தண்ணீரில் கலந்து வைத்தால் பேனா மை போலக் கருநீலமாக இருக்கும். இழுபடுகிற துணியின் மேலோ ரப்பர் தாளின் மேலோ அதை முடியைவிட மெல்லிய படலமாகப் பூசிச் சூட்டில் காயவைத்தால், அந்தத் துணியிலேயே மின்சாரம் ஓடும். தாமிரக் கம்பியை இழுத்தால் அறுந்துபோகும். இந்தத் துணி தோலோடு சேர்ந்து இழுபடும், மூட்டு மடங்கினால் தானும் மடங்கும். இதைக் கொண்டு இதயத் துடிப்பைப் பார்க்கலாம், விரல் அசைவை அளக்கலாம், அழுத்தத்தைக் கண்டுபிடிக்கலாம்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. நன்றாக மின்சாரம் கடத்துகிற படலம் அப்பளம் மாதிரி நொறுங்கும். நொறுங்காமல் இழுபட அதில் எதையாவது சேர்த்தால் மின்சாரம் குறையும். இரண்டும் ஒன்றாக இருக்கும் கலவையைத் தேடித்தான் என் பதினோரு வருடமும் போயிற்று. காலையில் டிராம் பிடித்துப் போய், கையுறை மாட்டி, மையைக் கலக்கி, துணியில் பூசி, காயவைத்து, ஒரு இயந்திரத்தில் மாட்டி இழுப்பேன். ஆயிரம் முறை இழுக்கும். திரையில் ஒரு கோடு வரும். கோடு சீராக இருந்தால் நல்லது. கூரையைத் தொடுகிற மாதிரி எகிறினால் படலம் வெடித்துவிட்டது என்று பொருள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த கலவை.

அப்பாவுக்கு இதை ஒருமுறை விளக்கினேன். மதுரையில் டவுன் பஸ் கண்டக்டராக முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர் அவர். பரவையிலிருந்து சிம்மக்கல் போகிற வண்டியில்தான் பாதிக் காலம். முழுதும் கேட்டுவிட்டு ஒரே வரியில் முடித்தார்.

"அப்ப நீயும் கண்டக்டர்தான? நான் ஆளக் கடத்துனேன், நீ கரண்ட கடத்துற."

அன்றிலிருந்து பரவை மார்க்கெட் முக்கு டீக்கடையில் என் உத்தியோகம் அதுதான். "எம் மகளும் கண்டக்டருதேன். ஜெர்மன் ரூட்டு."

3

அப்பாவுக்குச் சர்க்கரை இருபது வருடமாக உண்டு. நின்றுகொண்டே பார்த்த வேலை, நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது. அம்மா இருந்தவரைக்கும் மாத்திரையைக் கையில் கொடுத்து விழுங்குகிறாரா என்று நின்று பார்ப்பாள். அம்மா போன பிறகு, தம்பி குமாரின் மனைவி மீனா அந்த வேலையை எடுத்துக்கொண்டாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாத மதியம். சிம்மக்கல்லில் மொத்தக் கடையில் ஏதோ வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்திருக்கிறார். பின்னால் வந்த ஆட்டோக்காரர் கூப்பிட்டிருக்கிறார்.

"அண்ணே, ஒரு செருப்பு அங்கனயே கெடக்கு பாருங்க!"

திரும்பிப் பார்த்தால் இருபதடி தள்ளி அவருடைய வலது கால் செருப்பு கிடக்கிறது. கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்திருக்கிறார், சூடு தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மீனா பார்த்தபோது உள்ளங்காலில் கொப்புளம்.

டாக்டர் சொன்னது ஒன்றுதான். காலில் உணர்ச்சி போய்விட்டது, இனி புண் வந்தால் வலிக்காது, அதனால் தெரியாது. "தெனமும் யாராவது ஒருத்தர் ஒங்க பாதத்தத் திருப்பிப் பாக்கணும். மறக்காதீங்க." அன்றிலிருந்து தினமும் சாயந்திரம் மீனா அவர் காலை மடியில் வைத்து, விரல் இடுக்கெல்லாம் விலக்கிப் பார்ப்பாள். அப்பாவுக்கு அது கூச்சமாக இருக்கும். மருமகள் மடியில் கால் வைக்கிறோமே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு டிவியைப் பார்ப்பாராம்.

நான் அப்போது இங்கே அழுத்தத்தை அளக்கும் துணி செய்துகொண்டிருந்தேன். இதைவிட வேறென்ன வேண்டும்? என் அப்பாவின் காலுக்குத் தெரியாததை என் மை சொல்லும்.

4

அந்தத் துணியில் சாக்ஸ் செய்து பார்ப்பது எங்கள் கூடத்தின் திட்டங்களில் ஒன்று. அப்பாவுக்காக இரண்டு ஜோடி செய்தேன். உள்ளங்காலில் ஐந்து இடத்தில் பூச்சு. கணுக்கால் பட்டியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி, துவைக்கும்போது கழற்றிவிடலாம். ஒரே இடத்தில் நெடுநேரம் அழுத்தம் விழுந்தால் போன் உறுமும், திரை சிவப்பாகும். மற்ற நேரமெல்லாம் பச்சை.

விதிப்படி இது குற்றம். பரிசோதனைக் கூடத்தில் செய்த ஒன்றை மனிதர் உடம்பில் போட்டுப் பார்க்க அனுமதிக் குழு, ஒப்புதல் படிவம், காப்பீடு என்று ஒரு வருட வேலை இருக்கிறது. நான் யாரிடமும் சொல்லவில்லை. பதிவுகள் எங்கள் கணினிக்கு வந்தால் தடயம் இருக்கும் என்பதால், எல்லாம் அப்பாவின் போனிலேயே சேரும்படி செய்துவிட்டேன். அப்பாவுக்குத்தானே, யாருக்கோ இல்லையே என்று நினைத்தேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நானே அவர் காலில் மாட்டிவிட்டேன். எழுந்து நின்றார். நான்கு அடி நடந்தார். ஜன்னல் ஓரமாக ஒற்றைக்காலில் பாரத்தைப் போட்டு வேண்டுமென்றே நின்றார். சற்று நேரத்தில் போன் உறுமியது. அப்பா குழந்தை மாதிரி சிரித்தார்.

"ஏ குமாரு, இங்க வாடா. எங் காலு போன் பேசுதுடா!"

டீக்கடைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாக்ஸோடு போனார். மார்க்கெட்டில் வெங்காய மண்டிக்காரர்கள் வரை அதைப் பார்த்துவிட்டார்கள். நான் கிளம்புகிற அன்று மீனா என்னிடம் கேட்டாள்.

"மதினி, இனி நான் தெனம் பாக்க வேணாமா?"

"பாரு மீனா, பாக்குறது நல்லதுதான்" என்றேன். அழுத்திச் சொல்லவில்லை. இன்றைக்கும் என் குரல் அப்போது எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன். அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. இனி தேவையில்லைதான், ஆனாலும் உன் திருப்திக்குப் பார்த்துக்கொள் என்கிற மாதிரி.

5

ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவோம். "காலு எப்படிப்பா இருக்கு?" "பச்சைதான் தாயி." மாசி, பங்குனி, சித்திரை. பச்சைதான் தாயி.

அக்னி நட்சத்திர வெயில் தொடங்கியபோது ஒரு தடவை ஊருக்குப் போய்ச் சாக்ஸைப் பார்த்துவிட்டு வரலாம் என்றிருந்தேன். அந்த நேரம் பார்த்து என் குடியிருப்பு அட்டை காலாவதியானது. புதியதற்கு விண்ணப்பித்தாயிற்று. அது வரும்வரை ஒரு தற்காலிகத் தாள் தர வேண்டும், அந்தத் தாள் இல்லாமல் வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது. தாளுக்கு எழுதினேன். விண்ணப்பம் கிடைத்தது என்று தானியங்கி பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அதே பதில் மறுபடி வந்தது.

ஜூன் கடைசியில் மீனாவிடமிருந்து அழைப்பு. வேலை நேரத்தில் அவள் அழைக்க மாட்டாள். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு எடுத்தேன்.

"மதினி, மாமா கிட்ட ரெண்டு நாளா ஒரு நாத்தம். எலி கிலி செத்துக் கெடக்கான்னு வீடெல்லாம் தேடுனோம். இன்னைக்குக் காய்ச்சல். நான் கேக்காம அந்தச் சாக்ஸக் கழட்டிப் பாத்துட்டேன் மதினி." அழுதாள். "பெருவிரலுக்குக் கீழ பள்ளம் விழுந்துருக்கு. ஒரு சின்னக் கல்லு உள்ள பதிஞ்சே போச்சு."

"நீ தெனம் பாக்கலையா மீனா?"

இந்தக் கேள்வியைக் கேட்ட வாயை என்ன செய்வது?

"நீங்க போன மறுநாளுலருந்து மாமா காலக் காட்டவே மாட்டேன்னுட்டாக. மெசினு பாக்குது, நீ என்னத்தப் புதுசாப் பாக்கப் போறன்னு சொல்லிட்டாக. இப்பக்கூடப் போனு பச்சையாத்தான் இருக்கு மதினி. நான் கையில வச்சுருக்கேன். பச்சையாத்தான் இருக்கு."

முதலில் பெருவிரலை எடுத்தார்கள். பிறகு பாதி பாதத்தை. அதற்குள் சீழ் மேலேறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்த அன்று, நான் வெளிநாட்டவர் அலுவலக வாசலில் எண் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தாள் கைக்கு வந்து, நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது.

6

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா போர்வைக்குள் இருந்தார். போர்வை ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் படுக்கையோடு படிந்தும் இருந்தது.

"வந்துட்டியா தாயி. லீவு குடுத்தாகளா?"

அதுதான் அவர் முதலில் கேட்டது. நான் தலையாட்டினேன். என் மகள் நிலாவை ஏன் கூட்டிவரவில்லை என்று கேட்டார். பள்ளிக்கூடம் என்றேன். பிறகு நாங்கள் இருவரும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சாக்ஸை ஒரு பாலிதீன் பையில் முடிந்து தம்பி வைத்திருந்தான். வீட்டு மாடியில், அவனுடைய மல்டிமீட்டரை வாங்கி அளந்து பார்த்தேன். ஐந்து இடமும் செத்துப்போயிருந்தன. பூச்சு எறும்பு ஊர்ந்த மாதிரி வெடித்து, சில இடத்தில் வியர்வையில் ஊறி உப்பி உரிந்திருந்தது. எங்கள் மைக்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. அது எனக்குத் தெரியும். ஆனால் என் சோதனைகள் எல்லாம் இருபத்தோரு டிகிரி குளிரூட்டிய அறையில் நடந்தவை. அங்கே யாருக்கும் வியர்க்காது.

தம்பி கப்பலூரில் ரப்பர் பாய் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் சூப்பர்வைசர். சாக்ஸைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் கோபமாகப் பேசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா, எங்க கம்பெனில ஒரு ரப்பர் மேட்டு புதுசாப் போட்டா, மொதல்ல ஒரு மாசம் மொட்டமாடி வெயில்ல காயப்போட்டுட்டு, தண்ணியில முக்கிட்டு, அப்புறந்தான் கடைக்கு அனுப்புவோம். அங்கெல்லாம் அப்படிப் பாக்க மாட்டீகளா?"

சாக்ஸைத் திரும்ப வாங்கிப் பையில் முடிந்தேன்.

அப்பாவின் போனைத் திறந்து பதிவுகளைப் பார்த்தேன். பொங்கலிலிருந்து ஐந்து கோடுகளும் மேலும் கீழும் ஏறி இறங்குகின்றன. அவர் நடந்தது, நின்றது, பஸ்ஸில் உட்கார்ந்தது எல்லாம் தெரிகிறது. மே மாத நடுவில், ஒரே வாரத்துக்குள் இரண்டு ஜோடியிலும் ஒவ்வொரு கோடாகக் கீழே விழுகிறது. அதற்குப் பிறகு நாற்பத்தோரு நாள் ஐந்து கோடுகளும் தரையோடு தரையாகக் கிடக்கின்றன. அந்த நாற்பத்தோரு நாளும் அப்பா மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார், கோயிலுக்குப் போயிருக்கிறார், ரேஷன் கடை வரிசையில் நின்றிருக்கிறார். என் கருவியைக் கேட்டால் அவர் கால் தரையிலேயே படவில்லை.

பூச்சு வெடித்து இணைப்பு அறுந்தால், பெட்டிக்கு அழுத்தம் பூஜ்ஜியம் என்றுதான் தெரியும். பூஜ்ஜியம் என்றால் ஆபத்து இல்லை. ஆபத்து இல்லை என்றால் பச்சை. இணைப்பு அறுந்தால் சிவப்பைக் காட்டு என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். பரிசோதனைக் கூடத்தில் அந்த வரிக்கு அவசியம் வரவில்லை. அங்கே கோட்டை நானே பார்த்துக்கொண்டிருப்பேன்.

தம்பியிடமும் மீனாவிடமும் இதைச் சொல்லவில்லை. பேட்டரி தீர்ந்திருக்கும் என்றேன். அவர்கள் நம்பினார்கள்.

7

திரும்பி வந்தேன். வேலைக்குப் போனேன். மையைக் கலக்கினேன், துணியை இழுத்தேன். ஒரு மருத்துவக் கருவி நிறுவனம் எங்கள் சாக்ஸைத் தயாரிக்க ஆர்வம் காட்டியது. எங்கள் கூடத்தின் தலைவரான பேராசிரியை எனக்குக் கேக் வாங்கி வந்தார். நான் ஒரு துண்டு தின்றேன்.

உண்மையைச் சொன்னால் வேலை போகும். என் குடியிருப்பு அட்டை வேலையோடு கட்டிப் போட்டது. என் கணவருடையது என்னுடையதோடு. சொல்லாவிட்டால், இந்தச் சாக்ஸ் கடைக்கு வரும். யாரோ ஒருவரின் அப்பா, வெயில் அடிக்கிற ஏதோ ஓர் ஊரில், பச்சையைப் பார்த்துக்கொண்டு நடப்பார். இரண்டும் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே ஏழு மாதம் சும்மா இருந்தேன். அந்த ஏழு மாதத்துக்கு என்னிடம் எந்த விளக்கமும் இல்லை.

மகள் நிலாவுக்குப் பத்து வயது. இங்கேயே பிறந்தவள். தமிழ் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சட்டை மாதிரி, போடச் சொன்னால் போடுவாள். ஒருநாள் நான் சமைத்துக்கொண்டிருந்தபோது அறையிலிருந்து கத்தினாள்: "அம்மா, தாத்தா கால் வருது!"

கரண்டி கையிலிருந்து விழுந்துவிட்டது. அவள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அழைப்பு. தாத்தாவின் அழைப்பு. வேறொன்றுமில்லை.

திரையில் அப்பா சிரித்தார். எப்போதும் மார்புக்கு மேலே மட்டும்தான் தெரியும்படி வைத்துக்கொள்வார். நிலா திரைக்குப் பக்கத்தில் போய், "தாத்தா, வலிக்குதா நீ?" என்று கேட்டாள். அப்பாவுக்கு அந்தத் தமிழ் சட்டென்று பிடிபடவில்லை. பிறகு, "இல்ல குட்டி, வலியே இல்ல" என்றார். அவள் ஜெர்மனில் என்னிடம், "அப்படியானால் ஏன் நீ அழுகிறாய்?" என்றாள். அதன்பின் தாத்தாவின் அழைப்பு வந்தால் அவள் மெல்ல எழுந்து வேறு அறைக்குப் போக ஆரம்பித்தாள். அந்தக் காலைப் பார்த்துவிடுவோமோ என்று பயம். நான் வற்புறுத்தவில்லை.

8

மாசியில் ஒரு சனிக்கிழமை மதியம் அப்பாவுக்குப் போன் செய்தேன். பேராசிரியைக்கு உண்மையைச் சொல்லி எழுதிய கடிதம் அனுப்பாமல் கணினியில் இருந்தது. முதலில் அப்பாவிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"அப்பா, பேட்டரி தீரல. சாக்ஸ்தான் கெட்டுப்போச்சு. நாப்பத்தோரு நாள் அது செத்துத்தான் கெடந்துச்சு. நான் ஒரு வரி எழுதாம விட்டுட்டேன். கெட்டுப்போனா செவப்பக் காட்டணும்னு எழுதல. அதான் பச்சையாவே இருந்துச்சு. என்னாலதாம்ப்பா."

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டு ஓய்ந்தது. தொடர்பு போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

"தெரியும் தாயி" என்றார்.

"என்ன தெரியும்?"

"மொதல்லெல்லாம் செத்த நேரம் நின்னா உர்ருன்னு கூப்புடும். அப்புறம் ஒரு நா கூப்புடல. டீக்கடையில ஒரு மணி நேரம் ஒத்தக்கால்ல நின்னு பாத்தேன். சத்தமே இல்ல. வீட்டுக்கு வந்து சாக்ஸக் கீழ விரிச்சு, அம்மிக் குழவியத் தூக்கி மேல வச்சேன். அப்பவும் பச்சைதான். செத்துப்போச்சுன்னு அன்னைக்கே தெரியும்."

"ஏம்ப்பா சொல்லல?"

"எப்படிச் சொல்றது? ஊரு பூராம் சொல்லி வச்சுட்டேன். எம் மக கண்டுபிடிச்சதுன்னு அம்புட்டுப் பேரும் வந்து பாத்துட்டுப் போயிட்டாய்ங்க. நீ வேற அந்தக் குளுருல ஒத்தையில கெடந்து பண்ணது. வேல செய்யலன்னு சொன்னா ஒனக்கு மனசு விட்டுப் போகும்ல. நீ வாரப்ப சரி பண்ணிக்கிருவ, அதுவரைக்கும் பாத்து நடந்துக்குவோம்னு இருந்துட்டேன்."

"மீனாகிட்டயாவது காலக் காட்டியிருக்கலாம்லப்பா."

"காட்டுனா சாக்ஸு ஒண்ணுத்துக்கும் ஆகலன்னு அதுக்குத் தெரிஞ்சுபோகுமே."

சின்னப் பிள்ளையில், பஸ்ஸில் அவர் டிக்கெட் கிழிப்பதைப் பார்க்கச் சில நாள் கூட்டிப்போவார். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் ஒரு ஆளைக்கூட விடாமல் பின்படி வரை போய்க் கேட்டுவிட்டு வருவார். அந்த மனிதர் என் மனசு நோகக்கூடாது என்று தன் காலைப் பார்க்காமல் விட்டிருக்கிறார். நான் அவரைப் பார்க்காமல் பச்சையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எங்கள் பாசம் இதற்குத்தான் பயன்பட்டது. இதில் ஆறுதலாக ஏதாவது இருக்கிறதா என்று பல நாள் தேடிவிட்டேன். இல்லை.

"ஆபீஸ்ல சொல்லப் போறேன்ப்பா."

"வேணாம் தாயி." குரல் கடுமையாகிவிட்டது. "போன காலு போனதுதான். ஒன் வேலயும் போனா எனக்கு என்ன மிஞ்சும்? சொல்லாத. எம் மேல சத்தியம்."

நான் போனை வைத்தேன். கடிதத்தை அனுப்பினேன். அப்பாவின் பேச்சை நான் நேருக்கு நேர் மீறியது அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை பேராசிரியை கதவைச் சாத்திவிட்டு முதலில் கேட்டது, "அங்கே வெப்பம் எத்தனை டிகிரி?" நாற்பதுக்கு மேல் என்றேன். எழுதிக்கொண்டார். வியர்வை, துவைத்த முறை, எத்தனை நாள் என்று கேட்டு எழுதிக்கொண்டே போனவர், நடுவில் நிறுத்திப் பேனாவை மூடினார். "மன்னித்துவிடு. உன் அப்பா எப்படி இருக்கிறார்?" என்றார். கெட்டவர் அல்ல. நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

விசாரணைக் குழு நான்கு முறை கூடியது. நிறுவனத்தோடு பேச்சு நின்றது. என் ஒப்பந்தம் ஆகஸ்டோடு முடிகிறது, நீட்டிக்க மாட்டார்கள். விட்டுப்போன அந்த ஒரு வரியைப் பக்கத்து மேசைக்காரர் ஒருநாள் மதியம் எழுதிச் சேர்த்தார். காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டார்.

சத்தியத்தை மீறியதால் அப்பா நான்கு மாதமாக என்னோடு பேசுவதில்லை. அழைத்தால் மீனாதான் எடுக்கிறாள். டீக்கடையில், மகளுக்குப் பெரிய வேலை வந்திருக்கிறது, பேச நேரமில்லை என்று சொல்லி வருகிறாராம்.

9

இப்போது மீனா தினமும் சாயந்திரம் அப்பாவின் மிச்சக் காலை மடியில் வைத்துப் பார்க்கிறாள். அவர் மறுப்பதில்லை. பார்த்துவிட்டுப் பாதத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புகிறாள். நான் கேட்டதில்லை. அவளாகவே தொடங்கினாள். இங்கே மதியம் இரண்டரை மணி வாக்கில் வரும். செய்கிற வேலையை அப்படியே வைத்துவிட்டு விரலால் பெரிதாக்கி ஓரம் ஓரமாகப் பார்ப்பேன். வெடிப்புகள், காய்த்த தோல், நகம். அப்பாவின் முகத்தை நான் பார்த்தே நான்கு மாதம் ஆகிறது. இந்தப் பாதம்தான் தினமும் கிடைக்கிறது.

நேற்றைய படம் அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டது. சுண்டுவிரலுக்குக் கீழே, மிளகு அளவுக்கு ஒரு சிவப்பு.

மீனாவை அழைத்தேன். உடனே எடுத்தாள். ஒரே இரைச்சல்.

"மீனா, சுண்டுவெரலுக்குக் கீழ..."

"பாத்துட்டேன் மதினி. காலையிலேயே பாத்துட்டேன், டாக்டரு சாயந்திரந்தான் வருவாக. செருப்பு வாரு உரசியிருக்கு. ஆட்டோவுலதான் இருக்கோம், சிம்மக்கல் தாண்டியாச்சு, டாக்டருட்டத்தான் போய்க்கிட்டிருக்கோம்."

"ஆழமா இருக்கா? சீழ் இருக்கா? விரல வச்சு அமுக்கிப் பாத்தியா?"

"மேலாப்புலதான் இருக்கு. பயப்படாதீக."

"அப்பா பக்கத்துல இருக்காரா? கொஞ்சம் குடு மீனா."

போன் கை மாறுகிற சத்தம் கேட்கவில்லை. ஆட்டோ எங்கோ நின்று கிளம்பியது. மீனா மெதுவாகச் சொன்னாள்: "அங்கிட்டுப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்காக மதினி."

"நான் என்ன செய்யணும் மீனா? ஏதாவது சொல்லு."

"நீங்க அங்கனருந்து என்ன செய்வீக? நான் பாத்துக்கிறேன். எறங்கப் போறோம், வச்சிருறேன்."

வைத்துவிட்டாள்.